குளிர் காய்தல்

இரவுப் பணி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
ஏரி உறைந்து இரண்டு மாதமாகிறது.
என் திரையில் இரண்டு எண்கள்:
ஊருக்குள் போகும் நீர் எண்பத்து நான்கு,
ஊரிலிருந்து திரும்பும் நீர் நாற்பத்தாறு.
இடையில் காணாமல்போகும் முப்பத்தெட்டு டிகிரியைத்தான்
நாங்கள் ஒன்பதாயிரம் பேர்
பங்கு போட்டுக்கொண்டு வாழ்கிறோம்.

முன்பு அது மரச்சில்லுக் கொதிகலனிலிருந்து வந்தது.
யோர்மா திட்டிக்கொண்டே அதற்குத் தீனி போடுவான்,
காதுமடலில்கூடச் சாம்பல்.
கொதிகலன் அணைந்துவிட்டது.
அவன் தெற்கே எங்கோ படகுகளுக்குச் சாயம் அடிக்கிறான்.

இப்போது வருவது
ரயில் பாதைக்கு அப்பால், ஜன்னலே இல்லாத
அந்த நீளக் கட்டடத்திலிருந்து.
உள்ளே ஒரு காவலர், ஒரு காபி இயந்திரம்.
மற்றதெல்லாம் அடுக்கடுக்காய்க் கணினிகள்,
உலகம் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி
மூச்சு வாங்குகின்றன.
அந்த மூச்சைப் பிடித்து நீரில் ஏற்றிப்
பனிக்கடியில் குழாய்வழி அனுப்புகிறோம்.

திறப்பு விழாவில் மேயர் சொன்னார்:
வீணாய்ப் போன வெப்பம் இனி வீணில்லை.
எல்லோரும் கைதட்டினோம்.
கையுறையோடு தட்டியதால் சத்தம் வரவில்லை.

அதிகாலை மூன்று மணிக்கு வரைகோட்டில் ஒரு மேடு எழும்.
எங்கோ பகல்.
எங்கோ ஒருவன் விடுப்புக் கடிதம் எழுதித் தா என்கிறான்.
ஒருத்தி, மார்பில் ஒரு கட்டி, வலியில்லை,
பயப்பட வேண்டுமா என்கிறாள்.
ஒரு பிள்ளைக்குத் தொப்பி போட்ட அணில் படம் வேண்டும்.
இதெல்லாம் நானாக இட்டுக்கட்டுவது.
என்ன கேட்டார்கள் என்பது எனக்கு வராது,
கேட்டதன் சூடு மட்டும் வரும்.
அணிலும் கட்டியும் ஒரே குழாயில்.

போன வாரம் ஒரு புகார்.
ஆலைத் தெரு பதினொன்று, மூன்றாம் மாடி,
ரேடியேட்டர் பாதி குளிர்ந்து கிடக்கிறது.
வீட்டுக்குப் போகும் வழிதான், நானே போனேன்.

பிர்க்கோ ரன்ட்டனென். இருபத்திரண்டு வருடம் மொழிபெயர்ப்பு.
இலக்கியம் இல்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள்,
சலவை இயந்திரக் கையேடு, மாத்திரைத் தாள்.
"'கயிற்றைக் குழந்தையின் கழுத்தருகே விடாதீர்கள்.'
பின்னிஷ் மொழியில் அந்த வாக்கியம் என்னுடையது."
பிறகு இயந்திரம் எழுதியதைத் திருத்தித் தரச் சொன்னார்கள்,
பாதிக் கூலிக்கு.
பிறகு கால் கூலிக்கு.
பிறகு மின்னஞ்சலே இல்லை.

சாவியைத் திருகி அடைபட்ட காற்றை வெளியேற்றினேன்.
சீறியது, துப்பியது, நீர் வந்தது.
உலோகம் மெல்லச் சூடேறியது.
அவள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.
எடுக்கவில்லை.

"இது அங்கேயிருந்துதானே வருகிறது?"
ஆம் என்றேன்.
"அப்படியானால் இதில் நானும் கொஞ்சம் இருப்பேன்.
என் மாத்திரைத் தாள்களையும் தின்றுதானே
அது பேசக் கற்றிருக்கும்."
கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபம்.
ஈரக் காலுறைகளை ரேடியேட்டர்மேல் விரித்தபடி சொன்னாள்,
குதிகால் மேலே இருக்கும்படி,
சுருக்கம் நீவி.

அடுத்தவர் வீட்டுத் தீயில் குளிர் காய்வது என்பார்கள்.
எங்கள் ஊரே அதைத்தான் செய்கிறது, வெட்கமில்லாமல்.
இவள் ஒருத்திதான்
தன் வீட்டுத் தீயில் காய்கிறாள்,
மாதம் எண்பத்தொன்பது யூரோ கட்டி.

காபி தரட்டுமா என்றாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.
ஏன் வேண்டாம் என்றேன் என்று
படியிறங்கும்போதே புரியவில்லை.

இன்றிரவு திரும்பும் நீர் நாற்பத்தைந்து.
ஒரு டிகிரியை யாரோ கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள்.
ஒரே ஒரு வீட்டால் அப்படி ஆகாது, எனக்குத் தெரியும்,
கணக்குப் படித்தவன்.
ஆனாலும் பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டத்தைக்
காலியாகவே விட்டேன்.